உருத்திரிபு – நேர்கோட்டை வளைக்கும் ஜூம் லென்ஸ்

உருத்திரிபு (பெயர்ச்சொல்): காட்சியில் நேராக இருக்கும் கோட்டை லென்ஸ் வளைத்துப் பதிக்கும் குறை. புகைப்படக்காரர்கள் வாயில் ‘டிஸ்டார்ஷன்’.

செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று ஜூம் லென்ஸை முழுக்க வைடு பக்கம் (அகன்ற காட்சி விழும் பக்கம்) திருப்பிப் படமெடுத்தால் ஓரத்து வரிசைகள் வெளிப்பக்கம் புடைத்துத் தெரியும். டெலி பக்கம் (தொலைவை அருகே இழுத்துக் காட்டும் பக்கம்) திருப்பினால் பெரும்பாலும் அதே வரிசைகள் உள்நோக்கிக் குழியும். படத்தின் நடுப்புள்ளி வழியே செல்லும் கோடு மட்டும் இரண்டிலும் நேராகவே இருக்கும். கடலை எடுக்கும்போது தொடுவானத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்தால் வளைவு தெரியாமல் போவது இதனால்தான்.

‘டிஸ்டார்ஷன்’ இலத்தீன் வழி வந்தது. ‘டார்க்குவேரே’ என்றால் முறுக்குதல். எஞ்சின் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் ‘டார்க்’கும் அதே வேர்தான். தமிழில் ‘திரி’ என்ற வினைக்கும் முறுக்குதல் என்ற பொருள் உண்டு: கயிறு திரிக்கிறோம், பஞ்சைத் திரித்து விளக்குக்கு இடுகிறோம். உள்ளதை முறுக்கிச் சொல்பவனையும் ‘கயிறு திரிக்கிறான்’ என்கிறோம்.

சிலர் ‘உருச்சிதைவு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொற்கள் சேரும்போது வரும் மாற்றமான விகாரத்தை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்குகிறது. பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆகையில் னகரம் அழிவதில்லை, றகரமாகத் திரிகிறது. லென்ஸ் செய்வதும் இதைத்தான். புள்ளி புள்ளியாகவே கூர்மையாக விழுகிறது. விழும் இடம்தான் மாறுகிறது. 1857இல் ஜெர்மானியக் கணித அறிஞர் லுட்விக் சைடல் வகுத்த ஐந்து பிறழ்ச்சிகளில் (லென்ஸ் குறைகளில்) மற்ற நான்கும் படத்தை மங்கலாக்குபவை. இது ஒன்றுதான் மங்கலாக்காதது. எங்கே சிதைந்தது? வெறும் ‘திரிபு’ என்றாலும் போதாது. இயற்பியல் பாடநூலில் தகைவுக்கு (ஸ்ட்ரெஸ்) இணையாக வருவது திரிபு (ஸ்ட்ரெய்ன்). கொரோனா காலத்தில் வைரஸின் மாறிய வகைக்கும் அந்தச் சொல்லே வந்தது. ஆகவே ‘உரு’ சேர வேண்டும்.

வகைகளின் பெயர்தான் சிக்கல். புடைப்பதை ஆங்கிலத்தில் பீப்பாயின் பெயரால் அழைப்பார்கள். ‘பீப்பாய்த் திரிபு’ புரிகிறது (பீப்பாயே போர்ச்சுகீசியர் தந்த சொல் என்பது வேறு கதை). குழிவதற்கு அவர்கள் வைத்தது குண்டூசி குத்திவைக்கும் மெத்தையின் பெயர். ‘ஊசிமெத்தைத் திரிபு’ என்றால் நம் வாசகருக்கு எந்த உருவமும் மனதில் எழாது. ‘புடைப்புத் திரிபு’, ‘குழிவுத் திரிபு’ என்பவை போதும் என்பது என் கருத்து. நடுவில் புடைத்து ஓரத்தில் எதிர்ப்பக்கம் நெளியும் மூன்றாம் வகைக்கு ‘மீசைத் திரிபு’ பொருத்தமான பெயர்.

திரிபுக்குக் காரணம், உருப்பெருக்கம் படம் முழுக்க ஒரே அளவாக இல்லாதது. நடுவிலிருந்து விலக விலகப் பெருக்கம் குறைந்தால் புடைப்பு, கூடினால் குழிவு. இதைத் தீர்மானிப்பது லென்ஸுக்குள் ஒளித்துளை (அப்பர்ச்சர்) எங்கே இருக்கிறது என்பது. துளைக்கு இருபுறமும் ஒரே மாதிரி லென்ஸ்களை வைத்தால் ஒன்றின் திரிபை மற்றது ஈடுகட்டிவிடும். 1866இல் லண்டனில் லென்ஸ் தயாரிப்பாளர் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே செய்தது அதுதான். ஜூமில் இந்தச் சமச்சீர் நிற்காது. வைடில் முன்னால் உள்ள லென்ஸ் தொகுதி பொதுவாக ஒளியை விரிக்கும் லென்ஸாக, துளைக்கு வெகு முன்னால் நிற்கிறது, விளைவு புடைப்பு. டெலிக்குப் போகையில் தொகுதிகள் இடம் மாறிச் சமன்பாடு எதிர்ப்பக்கம் சாய்கிறது. 1959இல் 35 மி.மீ. ஃபிலிம் புகைப்படக் கேமராவுக்கு வந்த முதல் ஜூமான ஃபோக்ட்லெண்டர் ஜூமார் (36–82 மி.மீ.) தொடங்கி இந்த வகை லென்ஸை வடிவமைப்பவர் எல்லோருக்கும் இது தலைவலிதான். துளையைச் சுருக்கினாலும் திரிபு குறையாது.

அளவு விழுக்காட்டில் சொல்லப்படும். கழித்தல் குறி புடைப்பு, கூட்டல் குறி குழிவு. முழுச்சட்ட சென்சாரில் (36×24 மி.மீ.) மூலை நடுவிலிருந்து 21.6 மி.மீ. தொலைவு. −4% என்றால் அங்கே விழவேண்டிய புள்ளி ஏறத்தாழ 0.9 மி.மீ. உள்ளே விழுகிறது. விலகல் தூரத்தின் மும்மடிக்கேற்ப வளர்வதால், பாதித் தொலைவில் அதில் எட்டில் ஒரு பங்குதான். ஓரத்தில் ஆளை நிறுத்தாதே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2008இல் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற கேமரா-லென்ஸ் முறை, திரிபைக் கணக்கீட்டால் நிமிர்த்துவதை லென்ஸ் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. இன்று பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா ஜூம்களில், திருத்தாத ரா கோப்பைத் (சென்சார் பதித்த மூலத் தரவைத்) திறந்தால்தான் லென்ஸின் உண்மை முகம் தெரியும். நிமிர்த்துகையில் மூலைகள் இழுபட்டுக் கூர்மை சற்றுக் குறையும். ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும்.

கேமராவை அண்ணாந்து பிடித்ததால் கட்டடம் பின்னால் சாய்வதையும், அருகே போய் எடுத்ததால் மூக்கு பெரிதாவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை நிற்கும் இடத்தாலும் பிடிக்கும் கோணத்தாலும் வரும் தோற்ற வேறுபாடுகள். குறையே இல்லாத லென்ஸிலும் வரும். மீன்கண் லென்ஸின் வளைவையும் இதில் சேர்க்கக் கூடாது, அது வேண்டுமென்றே வரைந்த வளைவு.