நிலநடுக்கச் செய்தியில் முதல் எண் ஏன் மாறுகிறது?

2017 ஜூன் 21 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே 6.8 அளவில் நிலநடுக்கம் என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அப்படி ஒரு நடுக்கம் அன்று வரவே இல்லை. செய்தியை எழுதியது குவேக்பாட் என்ற மென்பொருள். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் அறிவிப்பு வந்ததும் இடம், நேரம், அளவு மூன்றையும் எடுத்து, முன்பே எழுதி வைத்த வாக்கியங்களில் பொருத்திவிடும். 2014 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் நிஜமாகவே குலுங்கியபோது மூன்றே நிமிடத்தில் செய்தி தந்து பேர் வாங்கியதும் இதேதான்.

2017இல் நடந்தது வேறு கதை. 1925இல் சாண்டா பார்பராவைத் தாக்கிய பழைய நடுக்கத்தின் மையப்புள்ளியைத் திருத்திப் பதிவேற்றும்போது கோளாறாகி, புதிய நடுக்கம்போல அறிவிப்பு போய்விட்டது. அதில் இருந்த தேதி 2025 ஜூன் 29. எட்டு வருடம் கழித்து வரப்போகும் தேதி! அந்தத் தேதியை யாராவது கவனித்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

இந்த மாதிரித் தவறு சரிபார்த்தால் தீரும். என்னை அதிகம் உறுத்துவது, எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்தும் மாறிப்போகிற எண்தான். தொலைக்காட்சிச் செய்தி மேசையில் இரவுப் பணியில் இருந்தபோது, அந்தமான் கடலில் நடுக்கம் என்று 5.8ஐ டிக்கரில், அதாவது திரையின் அடியில் நகரும் செய்தி வரியில், ஓட விட்டேன். அரை மணி நேரத்தில் அது 5.2 ஆனது. மாற்றினோம். உடனே தொலைபேசி: "சார், குறைச்சுட்டீங்களே, எதை மறைக்கிறீங்க?" அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

பூமிக்குள் பாறை உடையும்போது முதலில் ஓடி வருவது பி அலை. நொடிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் மேல் போகும். அதைவிட மெதுவாக, ஆனால் அதிகமாக ஆட்டிக்கொண்டு எஸ் அலை பின்னால் வரும். அவசர எச்சரிக்கை தருபவர்கள் எஸ் அலைக்குக் காத்திருக்க முடியாது. பி அலையின் முதல் சில நொடிகளை வைத்தே அளவைக் கணிக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோலத்தான். சின்ன நடுக்கத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும், உடைப்பு சில நொடியிலேயே முடிந்துவிடுவதால். பெரிய நடுக்கத்தில் நாம் பதம் பார்க்கும்போது பானையில் பாதி அரிசி இன்னும் விழவே இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே தொடங்கிய உடைப்பு அந்தமான் பக்கமாக ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் கிழிந்துகொண்டே போனது. அது ஓய எட்டு முதல் பத்து நிமிடம் பிடித்தது. இத்தனை பெரிய உடைப்பின் பலம், ஒருமுறை ஏறி இறங்கவே சில நிமிடம் எடுக்கும் நீண்ட அலைகளில்தான் தெரியும். வேகமாக ஆடும் குறுகிய அலைகளை மட்டும் அளந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் எண் ஏறாது. (நாம் இன்னும் எழுதிவரும் 'ரிக்டர் அளவு' 1935இல் கலிபோர்னியாவின் நடுக்கங்களுக்காக உருவானது; பெரிய நடுக்கங்களுக்கு இப்போது உடைந்த பரப்பையும் பாறை நகர்ந்த தூரத்தையும் வைத்துக் கணக்கிடும் உந்தத்திறன் அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.)

அன்று இந்திய நேரம் காலை 6.29க்கு நடுக்கம். ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 6.44க்குச் சொன்ன அளவு 8.0. 7.34க்கு அது 8.5 ஆனது. இன்று பதிவில் இருப்பது 9.1. பார்க்க 1.1தான் வித்தியாசம், வெளிப்பட்ட ஆற்றலிலோ சுமார் 45 மடங்கு. ஒன்பது மணியை ஒட்டி அலை தமிழகக் கரையில் ஏறியது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. எண் சரியாக வந்திருந்தாலும் மீனவக் குப்பங்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை.

ஜப்பானில் ஆள் இருந்தார்கள், கருவி இருந்தது, பயிற்சியும் இருந்தது. 2011 மார்ச் 11 அன்று நடுக்கம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை கொடுத்தது. கணித்த அளவு 7.9, இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர் அலை. உண்மையான அளவு 9.0. அந்த மாகாணத்தின் தாரோ ஊரில் 10 மீட்டர் உயரத் தடுப்புச்சுவர் நின்றது. அதன் நிழலில் வாழ்பவர் காதில் '3 மீட்டர்' என்று விழுந்தால் என்ன நினைப்பார்? எண்ணை உயர்த்தி 3.14 மணிக்கு அடுத்த அறிவிப்பு வந்தபோது பல இடங்களில் மின்சாரம் இல்லை. முதல் எண்ணே பலருக்குக் கடைசி எண்ணாகிவிட்டது.

அதன்பின் ஜப்பான் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. வேகத்தை அவர்கள் குறைக்கவில்லை. இன்றும் மூன்று நிமிடத்தில் அறிவிப்பு தருவதே இலக்கு. ஆனால் 2013 மார்ச் முதல், நடுக்கம் மிகப் பெரியது, அளவை உடனே நம்ப முடியாது என்று தெரிந்தால், முதல் அறிவிப்பில் அலையின் உயரத்தை மீட்டரில் சொல்வதில்லை. 'பிரம்மாண்டம்', 'உயரம்' என்று சொல்லில் சொல்கிறார்கள். மீட்டர் கணக்கு அளவு உறுதியானபின் வருகிறது. உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதை மட்டும் உடனே சொன்னால், முந்துவதால் தப்பு வராது.

நம் டிக்கரிலும் இது முடியும். இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் 'முதல் கணிப்பு' என்பதையும் சேர்த்தே போடுகிறேன். திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழிப்பதில்லை, 'முதலில் 5.8, இப்போது 5.2' என்று இரண்டும் ஓடும். தொலைபேசி இன்னும் அடிக்கத்தான் செய்கிறது. கேள்விதான் மாறியிருக்கிறது: "சார், இது இன்னும் மாறுமா?"