மணம் தெரியாத மூக்கும் வராத பருவமும்

திருகோணமலைக் கரையில், சல்லியிலும் நிலாவெளிப் பக்கத்திலும் கருவாடு காயும் நாட்களில் காற்றுத் திரும்பினால், அதன் மணம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தும் அந்த மணத்தை ஒருநாளும் அறியாத ஒருவன் இருக்கலாம். பிறவியிலேயே மணம் தெரியாதவனுக்குத் தன்னிடம் ஒரு குறை இருப்பது தெரியாது. மற்றவர்கள் "மணக்குது" என்றால் அவனும் தலையாட்டப் பழகிவிடுகிறான். அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகும்போது பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவன் எழும்பாததற்கு ஏச்சு வாங்கியிருப்பான். அவனுக்கே 16 வயதாகியும் குரல் உடையாமல், மீசை அரும்பாமல் இருந்தால், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாக வரும் அரிய பரம்பரை நோய்க்குக் கால்மன் சிண்ட்ரோம் என்று பெயர்.

பின்லாந்தில் எடுத்த கணக்கின்படி ஆண்களில் சுமார் 30,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. பெண்களில் இதனினும் குறைவு. 1856 இலேயே ஸ்பானிய உடற்கூற்றியலாளர் மாயெஸ்த்ரே தெ சான் ஹுவான், பாலுறுப்புகள் வளராத ஓர் ஆணின் மூளையில் மணத்தை அறியும் குமிழ்கள் இல்லாததைக் கண்டு எழுதிவைத்தார். இது குடும்பவழியாக வருவதை 1944 இல் காட்டிய ஃபிரான்ஸ் கால்மனின் பெயரே நோய்க்கு நிலைத்தது.

மூக்குக்கும் பருவத்துக்கும் என்ன உறவு? மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் பகுதியில் சில நரம்புக்கலங்கள், பத்தே அமினோ அமிலங்களாலான ஒரு சிறு ஓமோனை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துடிப்புத் துடிப்பாக விடுகின்றன. அது மூளையின் அடியில் தொங்கும் சிறு சுரப்பியான கபச்சுரப்பியை எட்ட, கபச்சுரப்பி வேறு இரண்டு ஓமோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவற்றில் ஒன்று விதைகளில் ஆண்களுக்குரிய ஓமோனான தெஸ்தெஸ்தரோனைச் சுரக்க வைக்கிறது, மற்றது விந்தணு உருவாக உதவுகிறது. வியப்பு என்னவென்றால், அந்த நரம்புக்கலங்கள் மூளையில் பிறப்பவை அல்ல. கரு உருவாகும் முதல் மாதங்களில் அவை மூக்கு அமையும் இடத்தில் தோன்றி, மண நரம்பின் இழைகளைப் பற்றிக்கொண்டே, மூக்குக்கு மேலுள்ள சல்லடை போன்ற எலும்பின் துளைகளைக் கடந்து மூளைக்குள் நடந்து போகின்றன. மண இழைகள் மூளையைச் சேராவிட்டால் இவற்றுக்கும் வழி இல்லை. 1989 இல் இந்நோயுள்ள ஒரு முதிர்கருவை ஆராய்ந்தவர்கள், ஹைப்போதலமஸ் பகுதியில் ஒரு கலத்தையும் காணாமல், மூளைக்கு வெளியே வழியிலேயே அவை திரண்டு தங்கியிருக்கக் கண்டார்கள்.

அந்தப் பாதையை அமைக்க உதவும் ஒரு புரதத்துக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பது 1991 இல் தெரியவந்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. தாய்க்கு இரண்டாவது எக்ஸ் காவலாக நிற்பதால் அவருக்குப் பொதுவாக அறிகுறி தெரியாது. ஆகவே தாய்மாமனைப் பற்றி விசாரிப்பது பயன் தரும். இந்த வகையினர் சிலருக்கு ஒரு சிறுநீரகம் இராது. சிலருக்கு வலக்கை எழுதும்போது இடக்கை விரல்களும் கூடவே அசையும். வேறு பரம்பரையலகுகளால், வேறு வழிகளில் வருவதும் உண்டு.

எங்கள் ஊரில் பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு நடக்கிறது; பிந்தினால் தாய் நாள் எண்ணுகிறாள். ஆண் பிள்ளைக்கு அப்படியொரு நாளே இல்லை. "அப்பாவும் பிந்தித்தான் வளர்ந்தவர்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பிந்தும் பையன்களில் பெரும்பாலோருக்கு அது உண்மையும்கூட. ஆனால் 14 வயதாகியும் விதைகள் வளரத் தொடங்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் நூலில் கோத்த, வரவரப் பெரிதாகும் மணிகளோடு விதையை ஒப்பிட்டு அளப்பார். 4 மில்லிலீற்றர் மணியை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். காலை இரத்தத்தில் தெஸ்தெஸ்தரோனோடு கபச்சுரப்பியின் ஓமோன்களும் குறைந்திருந்தால் கோளாறு விதையில் அல்ல, மேலே கபச்சுரப்பியிலோ ஹைப்போதலமஸிலோ. மணம் தெரியுமா என்ற ஒரு கேள்வி அங்கே பல மாதங்களை மிச்சப்படுத்தும். பிறந்த ஆண் குழந்தைக்கு விதைகள் கீழிறங்காமலும் ஆணுறுப்பு மிகச் சிறிதாகவும் இருப்பது இன்னும் முந்திய அடையாளம்.

தெஸ்தெஸ்தரோன் ஊசியால் குரலும் மீசையும் தசையும் வரும். மெலிந்த எலும்பும் உறுதிப்படும். விந்தணுவை மட்டும் அது தராது. குழந்தை வேண்டுமென்றால் கபச்சுரப்பி ஓமோன்களின் வேலையைச் செய்யும் ஊசிகளை மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், போட வேண்டியிருக்கும். பலர் அப்படித் தந்தையாகியிருக்கிறார்கள். மணம் இந்த மருந்துகளால் வருவதில்லை. ஆகையால் அவன் இருக்கும் வீட்டில் காஸ் கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி ஒன்று வேண்டும். பால் திரைந்ததா, மீன் பழுதாகிவிட்டதா என்பதை அவன் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.