அயல்வயலின் காது

மாரியில் நெல்லு குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்காரருக்கு இரவில் நித்திரை இல்லை. யானை இறங்கிய வயலிலிருந்து ஒரு கூக்குரல் எழும். அந்தப் பயிர் அதற்குள் மிதிபட்டிருக்கும். ஆனால் சத்தம் கேட்ட அடுத்த கொட்டிலில் நெருப்பு மூளும், யானைவெடி கைக்கு வரும்.

போன கிழமை, தடிமனோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த மாணவி கேட்டாள்: "ரீச்சர், வைரசு புகுந்த கலம் எப்பிடியும் சாகப்போகுது. பிறகேன் இன்டர்பெரோன் எண்ட புரதத்தைச் சுரக்குது?"

"அது தனக்காகக் கத்தேல்லை பிள்ளை, பக்கத்துக் கலத்துக்காக."

மூக்கு, தொண்டை, சுவாசப்பை, குடல் எல்லாவற்றின் உட்புறத்தையும் மேலணிக் கலங்கள் மூடியிருக்கின்றன. வைரசு முதலில் தட்டும் படலை இதுதான். வைரசின் ஆர்என்ஏ உள்ளே தென்பட்டதும் கலம் இன்டர்பெரோனை வெளியே விடும். 1957இல் ஐசக்சும் லிண்டன்மானும் லண்டனில் கண்டறிந்த இந்தப் புரதம் வைரசைத் தொடுவதே இல்லை. அது கூக்குரல் மட்டுமே. அதைக் கேட்கும் காது, அயல்கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் வாங்கி.

வாங்கிக்கு இரண்டு துண்டுகள். இன்டர்பெரோன் பொருந்தியதும் இரண்டும் நெருங்கும். உள்ளே அவற்றின் வாலில் ஒட்டியிருக்கும் ஜாக் என்ற நொதியங்கள் விழித்து, ஸ்டாட் என்ற தூதுப் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றும். ஸ்டாட்டுகள் சோடி சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை எழுப்பும். பிறகு வைரசு வந்தால், ஒரு புரதம் அதன் ஆர்என்ஏயை நறுக்கும். இன்னொன்று, வைரசு சவ்வோடு கலந்து உள்நுழைவதைத் தடுக்கும். வேறொன்று கலத்தின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். கள்ளனுக்குச் சோறு கிடைக்கக் கூடாதென்று தன் அடுப்பையும் அணைப்பது போல. இதைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

முதலாம் வகை இன்டர்பெரோனின் வாங்கி ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் உண்டு. அதனால்தான் காய்ச்சலும் உடம்பு நோவும். 2003இல் விவரிக்கப்பட்ட லம்டா வகை வேறு. அதன் வாங்கியின் ஒரு துண்டு பெரும்பாலும் மேலணிக் கலங்களில்தான் இருக்கிறது. ஊரையே கூட்டாமல் வேலியோரக் கொட்டில்களுக்கு மட்டும் கேட்கும் குரல் அது. காவலும் நடக்கும், அழற்சியும் குறைவு. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

வைரசுகளும் சும்மா இருப்பதில்லை. மாரி முடியமுன் நுளம்போடு வரும் டெங்கு, தான் புகுந்த கலத்தில் ஸ்டாட் 2 புரதத்தை அழித்துவிடும். காதுக்குச் சத்தம் கேட்கும், நெருப்பு மூளாது.