மறுபுனைவு: பழைய பேய்ப் படத்தின் கதையை மாற்றி எடுத்தால் அது ரீமேக்கா?

பழைய படம் ஒன்றைக் காட்சிக்குக் காட்சி திரும்ப எடுத்தால் ரீமேக் என்கிறோம். கதையையே மாற்றிவிட்டால் அதற்கு என்ன பெயர்? மதுரையில் தியேட்டரை விட்டு வெளியே வருகிற கூட்டத்திடம் கேட்டுப் பாருங்கள். "அந்தப் படத்தைத்தான்ப்பா உல்டா பண்ணி வச்சிருக்காய்ங்க" என்று உடனே பதில் வரும். இந்தியில் உல்டா என்றால் தலைகீழ், அவ்வளவுதான். தமிழுக்கு வந்ததும் அதில் கொஞ்சம் திருட்டு வாடை ஏறிக்கொண்டது. இரக்கம் உள்ளவர்கள் 'பட்டி டிங்கரிங்' என்பார்கள். நசுங்கிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்புகிற வேலைக்கு உள்ள பெயர் அது.

இரண்டுமே ஏளனச் சொற்கள். ஆனால் மூலப் படத்தின் பெயரை வெளிப்படையாகப் போட்டுவிட்டு, தெரிந்தே, திட்டமிட்டே கதையை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதற்கு ஆங்கிலத்தில் 'ரீஇமேஜினிங்' என்று பெயர். 2001இல் டிம் பர்ட்டன் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தைத் திரும்ப எடுத்தபோது, இது ரீமேக் இல்லை, ரீஇமேஜினிங் என்றே விளம்பரம் செய்தார்கள். விளம்பரக்காரர்கள் பரப்பிய சொல் என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் ரீமேக் என்ற சொல்லால் சொல்ல முடியாத ஒன்றை அது சொல்ல வருகிறது.

பிறப்பைப் பார்த்தால், 'ரீ' என்பது லத்தீன் முன்னொட்டு. மறுபடி, பின்னோக்கி என்று இரண்டு பொருளும் உண்டு. 'மேக்' பழைய ஆங்கிலச் சொல். 'இமேஜின்' லத்தீனில் உருவம், சாயல் என்று பொருள்படும் 'இமாகோ'விலிருந்து வந்தது. பழைய படவரிசையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்குவதற்குச் சொல்லும் 'ரீபூட்' இந்தக் குடும்பத்தில் சேராது. அது கணினிக்காரர்களிடமிருந்து சினிமாவுக்கு வந்த சொல். அதற்குக் கணினித் தமிழில் புழங்கும் 'மறுதொடக்கம்' என்பதே போதும்.

சரி, எடுத்துக்காட்டுக்கு ஒரு பேய்ப் படம். சிறு முதலீட்டுப் பேய்ப் படங்களைத்தான் உலகம் திரும்பத் திரும்ப மாற்றி எடுக்கிறது. ஒரு வீடு, ஒரு ராத்திரி, வாசலில் ஏதோ ஒன்று. இதுதான் மொத்த மூலதனம் என்பதால் எந்த ஊருக்கும் பெயர்த்துக்கொண்டு போகலாம்.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோ, கூட்டாளிகளோடு பணம் திரட்டி, சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இடிக்கப்போகிற பண்ணை வீடு ஒன்று படப்பிடிப்புக்குக் கிடைத்தது. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள்; ஏழு பேர் அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே உள்ள பிணங்களைவிட உள்ளே நடக்கிற சண்டைதான் படம். நிலவறையில் பூட்டிக்கொள்வதா, மேலே நின்று சமாளிப்பதா என்று பென்னும் ஹாரியும் முட்டிக்கொள்கிறார்கள். பார்பரா என்ற பெண் அண்ணனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் பிணங்களின் கையில் சிக்குகிறாள். ராத்திரியைத் தாண்டிப் பிழைப்பவன் பென் ஒருவன்தான். விடிந்ததும், பிணங்களைச் சுட்டுக்கொண்டே வருகிற ஷெரீஃபின் ஆட்கள் அவனையும் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே வருடம்தான்.

இந்தப் படத்தை ஏன் இத்தனை பேர் திரும்ப எடுத்தார்கள் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. முதலில் வேறு தலைப்பு வைத்திருந்தார்கள். வெளியிடும்போது தலைப்பை மாற்றியவர்கள், புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

1990இல் ரொமேரோவே திரைக்கதை எழுதிக் கொடுக்க, ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி அதை மறுபடி இயக்கினார். அதே வீடு, அதே ஏழு பேர், அதே சண்டை. ஆனால் பார்பரா மாறிவிட்டாள். துப்பாக்கியை எடுக்கிறாள். இதுகள் இவ்வளவு மெதுவாக நடக்கின்றன, நாம் பேசாமல் நடந்தே தாண்டிப் போய்விடலாமே என்கிறாள். சொன்னபடியே போகிறாள், பிழைக்கிறாள். இந்தத் தடவை பென் செத்து நடைப்பிணமாக எழுகிறான். காலையில் திரும்பி வரும் பார்பரா, ஊர்க்காரர்கள் பிணங்களை மரத்தில் தொங்கவிட்டுச் சுட்டு விளையாடுவதைப் பார்க்கிறாள். அவர்களும் நாமும் ஒன்றுதான் என்கிறாள். அப்புறம், ஒளிந்திருந்து உயிரோடு வெளியே வரும் ஹாரியைச் சுட்டுவிடுகிறாள்.

இதை என்னவென்று சொல்வது? ரீமேக் என்றால் மாற்றம் தெரியாமல் போகிறது. உல்டா என்றால் அவதூறு.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். வழிநூலுக்கு அவர் தரும் இலக்கணம் இது:

முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்

முன்னோர் நூலோடு முடிபில் ஒத்துப்போய், பின்னால் வருபவன் தான் விரும்பும் விகற்பத்தை, அதாவது வேறுபாட்டை, சேர்த்துச் சொல்வது வழிநூல். சார்பு நூலைப் புடைநூல் என்றும் சொல்வார். 'இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது' அது. முதல்நூலிலிருந்தும் வழிநூலிலிருந்தும் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றபடி தன் போக்கில் போவது.

பவணந்தியார் இதை இலக்கண நூல்களை மனத்தில் வைத்துச் சொன்னார், சினிமாவை வைத்து அல்ல. இருக்கட்டும். அவருடைய கேள்வியைக் கவனியுங்கள். எவ்வளவு மாற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. முடிபு ஒத்திருக்கிறதா என்று கேட்கிறார். முடிபு என்றால் கிளைமாக்ஸ் இல்லை. நூல் எந்த முடிவுக்கு வந்து நிற்கிறது, எதை நிறுவுகிறது என்பது. அப்படிப் பார்த்தால் சவினியின் படம் வழிநூலேதான். யார் பிழைக்கிறார், யார் சாகிறார் என்பதெல்லாம் விகற்பம். செத்தவர்களைவிட இருக்கிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும் என்ற முடிபில் இரண்டும் ஒன்றே.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பது பேய் போன்று வருத்தும் சக்தி. இறை என்பது அரசன், அதாவது அதிகாரத்தில் இருப்பவன். 1968 படம் அணங்கில் ஆரம்பித்து இறையில் வந்து முடிகிறது. பிணங்களுக்குப் பயந்து ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தவனைக் காலையில் சட்டத்தின் ஆட்கள் கொல்கிறார்கள். 'திகில் படம்' என்று பத்திரிகைகள் அடிக்கும் முத்திரை இந்தக் கடைசிக் காட்சியைத் தொடுவதே இல்லை. 'பேய்ப் படம்' என்பதும் அப்படியே.

ரொமேரோவின் படம் முதல்நூலா என்று கேட்டால், அதுவும் இல்லை. ரிச்சர்ட் மாத்தீசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல்தான் தனக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் வருவது ரத்தம் குடிக்கும் கூட்டம். தனி மனிதன் ஒருவன் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறான். ரொமேரோ அந்த ஒருசிறையை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்று உலகம் முழுக்க வருகிற ஜாம்பி படங்கள் ரொமேரோவிடமிருந்து ஒருசிறை எடுத்தவை. எல்லாம் புடைநூல்கள், உல்டா என்று திட்ட வேண்டியதில்லை.

இந்த வேலை மதுரைக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குக் கண்ணகி புகார் வணிகனின் மகள். நாட்டுப்புறத்தில் வழங்கும் கோவலன் கதையிலோ அவள் பாண்டியனுக்கே மகளாகப் பிறந்த காளி. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டு, வணிகர் வீட்டில் வளர்ந்து, பெற்றவனையே அழிக்கத் திரும்பி வருகிறாள். கதையின் முதுகெலும்பையே மாற்றிவிட்டார்கள். ஆனால் சிலம்பு பொய்யாகவில்லை, கோவலன் பிழைக்கவில்லை, மதுரை எரியாமல் இருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் மதுரை வட்டாரத்தில் திருவிழா ராத்திரிகளில் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் இதே குணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தனித்தனியாக ஒப்பந்தம் பேசி வந்த நடிகர்கள், ஒத்திகை இல்லாமல் மேடையேறி, வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தை அன்றைக்குத் தோன்றியபடி இழுத்துக்கொண்டு போவார்கள். வள்ளி கல்யாணம் மட்டும் நிற்காது.

இனி, இன்றைய எழுத்துக்கு என்ன சொல் வேண்டும்? வழிநூல் என்பதைப் பார்த்து 'வழிப்படம்' என்று ஆக்கலாம். ஆனால் கேட்பவருக்கு வழியில் பார்க்கிற படம் என்றுதான் தோன்றும். மீளுருவாக்கம், மறுஆக்கம், மறுகற்பனை என்று பலவும் புழக்கத்தில் இருக்கின்றன. இங்கே 'மீள்' என்பதற்கும் 'மறு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மீள்வது என்றால் போனது திரும்பி வருவது. சிதைந்த ஓவியத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, தொலைந்த படச்சுருளைச் சீராக்குவது, இவற்றுக்குத்தான் மீளுருவாக்கம் பொருந்தும். 'மறு' அப்படியில்லை. மறுநாள் என்றால் நேற்றே திரும்ப வந்தது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அது அடுத்த நாள். மறுபக்கம் என்றால் இன்னொரு பக்கம். திரும்பவும் என்பதும் வேறு என்பதும் ஒரே எழுத்துச் சேர்க்கையில் இருக்கின்றன. ஆங்கில 'ரீ'க்கு இந்த வசதி கிடையாது.

'புனை' என்பதும் நல்ல வேர். பூத்தொடுப்பதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல், அணிவதும் புனைதல். புனைபெயர், புனைகதை என்று இன்றும் நாம் விடாமல் வைத்திருக்கும் சொல். கற்பனை வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. மறுகற்பனை என்றால் மனத்துக்குள் நினைத்ததோடு வேலை நின்றுவிடுகிறது. புனைவில் செய்து முடித்த பொருளும் சேர்ந்து வருகிறது. ஆகவே கதையை மாற்றி எடுத்த படத்துக்கு மறுபுனைவு. கதை மாறாமல் எடுத்ததற்கு மறுஆக்கம் இருக்கட்டும். இலக்கணப்படி உடம்படுமெய் சேர்த்து மறுவாக்கம் என்று எழுதலாம். படிப்பவர் அதில் 'வாக்கு'வைத் தேடுவார் என்பதால் பலரும் பிரித்தே எழுதுகிறார்கள், நானும்தான்.

தழுவல் இந்த இரண்டிலிருந்தும் வேறு. அது கதையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, ஒரு பண்பாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவருவது. ஆனால் தழுவப் போனால் புனைவும் தானாக மாறிவிடும் என்பதற்கு இதே படத்தைச் சோழவந்தான் பக்கம் கொண்டுவந்து பாருங்கள். பண்ணை வீட்டுக்குத் தென்னந்தோப்பு வீடு சரியாகப் பொருந்தும். நிலவறைக்கு எங்கே போவது? தோப்பில் மோட்டார் ரூம் இருக்கும்: ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. மோட்டார் ரூமுக்குள் பூட்டிக்கொள்வதா, மொட்டை மாடியில் ஏறிக்கொள்வதா என்று மச்சான்மார் இருவர் அடித்துக்கொண்டால் சண்டை அப்படியே வந்துவிடும். அடுத்தது பெரிய சிக்கல். எரித்த பிணம் எப்படி எழுந்து வரும்? புதைக்கிற வழக்கம் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருந்தாலும், ஊர்ப் பிணமெல்லாம் எழுந்தது என்று சொல்ல முடியாது. அப்போது கதையாசிரியரின் கண் கொந்தகைக்குப் போகும். கீழடிக்குப் பக்கத்தில், மதுரையிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், முதுமக்கள் தாழிகளும் எலும்புக்கூடுகளும் அகழாய்வில் கிடைத்த இடம். எழுந்து வருபவர்கள் நேற்றுச் செத்தவர்களாக இல்லாமல் ஆயிரக்கணக்கான வருடத்துப் பழைய முன்னோர்கள் என்று ஆகிவிட்டால், அவர்களைப் பார்த்து ஓடுவதா, கும்பிடுவதா? அந்த இடத்தில் தழுவல் முடிந்து மறுபுனைவு ஆரம்பித்துவிடுகிறது.

எழுந்து வருபவரை என்னவென்று அழைப்பது என்பது தனிக் கேள்வி. 1968 படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. 'கூல்' என்றுதான் சொல்வார்கள், அது அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஜாம்பி ஆப்பிரிக்காவில் வேர்விட்டு ஹைத்தி வழியாக வந்த சொல். போரைப் பாடும் நம் பரணி நூல்களில் போர்க்களத்துப் பிணம் தின்னும் கூளி என்ற பேய் உண்டு. கூல், கூளி என்று ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டாம். வேதாளம் பிணத்துக்குள் புகுவது என்றாலும் கதை சொல்லிக் கேள்வி கேட்கிற அளவுக்கு அறிவுள்ளது. இந்தப் படங்களுக்கு நடைப்பிணமே சரி.

எழுதும் முறை பற்றி ஒன்று. மறுபிறவி, மறுபக்கம் போலவே மறுபுனைவிலும் ஒற்று மிகாது. 'மறுப்புனைவு' என்று எழுதினால் எதையோ மறுத்துப் புனைந்ததாக ஆகிவிடும். வினையாக, 'மறுபுனைந்தார்' என்பதைவிட 'மறுபுனைவு செய்தார்' என்பது காதுக்கு இதமாக இருக்கிறது. போஸ்டரில் போடுவதானால் 'ரொமேரோவின் கதையைத் தழுவிய மறுபுனைவு' என்று மூலத்தின் பெயரையும் சேர்த்தே போட வேண்டும். அந்தப் பெயரை விட்டுவிட்டால் மதுரைக்காரர்கள் உல்டா என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும்.