தண்ணீர்போல் தெளிந்த காக்டெய்லுக்குள் பால்

வெளிநாட்டு பாரில் இதுவரை கேள்விப்படாத காக்டெய்லைத் தேடிப் பிடித்துச் சுவைப்பது பலருக்கும் பிடித்த விஷயம். உணவு ஒவ்வாமை உள்ளவர்களும் தினமும் மாத்திரை எடுப்பவர்களும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் பார்டெண்டரிடம் இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். புதுமையான பானங்களில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பல நேரம் மெனுவிலும் இருக்காது.

கிளாரிஃபைடு மில்க் பஞ்சைப் பாருங்கள். மது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு சேர்ந்த கலவையைப் பாலில் மெல்ல ஊற்றுவார்கள். புளிப்பு பட்டதும் பால் திரியும். கலங்கலும் துவர்ப்பும் அந்தத் திரிகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காபி ஃபில்டர் தாளில் சொட்டுச் சொட்டாக வடிப்பார்கள். கடைசியில் கிளாஸில் நிற்பது தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். கேசின் புரதத்தின் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிட்டாலும், வே புரதமும் லாக்டோஸும் பானத்தோடு இறங்கிவிடுகின்றன. பால் ஒவ்வாமை உள்ளவர் இதைத் தொடவே கூடாது.

ஃபேட் வாஷ் முறையும் இப்படித்தான். பீனட் பட்டரையோ உருக்கிய வெண்ணெயையோ மதுவில் சில மணி நேரம் ஊறவைத்து, ஃப்ரீசரில் உறையவிட்டு, கொழுப்பை வடித்து எடுப்பார்கள். கொழுப்பு போனால் புரதமும் போய்விட்டது என்று நம்ப முடியாது. மை டாய் என்ற காக்டெய்லில் சேரும் ஓர்ஷா, பாதாம் பாகு. பிளடி மேரி காக்டெய்லில் சேரும் வூஸ்டர்ஷயர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி வகை மீன் இருக்கும். சவர் எனப்படும் புளிப்புக் காக்டெய்ல் வகைகளின் மேலே நிற்கும் நுரை, பல இடங்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு.

அதனால் "நட்ஸ் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். சிரப்பிலும், ஊறவைத்த மதுவிலும், நுரையிலும் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் ஒவ்வாமையை அந்த ஊர் மொழியில் ஃபோனில் எழுதிக் காட்டுவது நல்லது. கழுவிய ஷேக்கரில் கலக்கச் சொல்லுங்கள். முந்தைய பானத்தின் மிச்சமும் ஆபத்துதான். மது ஒவ்வாமையைக் கடுமையாக்கக்கூடும் என்பதால் கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசி அறையில் இல்லாமல் கையில் இருக்கட்டும்.

கன்னங்கரேலென்று வரும் பானத்தில் ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற கரித்தூள் இருக்கலாம். அது கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். பலோமா காக்டெய்லில் சேரும் கிரேப்ஃப்ரூட் (எலுமிச்சை இனப் பழம்) இதற்கு நேர்மாறு: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும்.

புகை கிளம்பும் கிளாஸ் வந்தால் பொறுங்கள். அதில் திரவ நைட்ரஜன் இருக்கலாம். அது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. வாயுவாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரிகிறது. 2012இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் அப்படிப்பட்ட பானத்தைக் குடித்த 18 வயதுப் பெண்ணின் இரைப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று. புகை முழுக்க அடங்கும்வரை உதட்டில் வைக்காதீர்கள்.

கலப்பட மதுவைச் சுவையாலோ மணத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் கலப்பட மதுவில் இருக்கும் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலுக்கு 6 வெளிநாட்டுப் பயணிகள் பலியானார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ, எல்லாம் பனிமூடியதுபோல் வெளுத்துத் தெரிந்தாலோ, வாந்தி, வயிற்றுவலியோடு மூச்சு வேகமாக வாங்கினாலோ, ஹேங்கோவர் என்று படுத்துவிடாதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், "மெத்தனாலாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தும் டயாலிசிஸும் சீக்கிரம் கிடைத்தால்தான் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வழி உண்டு.