சொல் விளக்கம்: தருமா

ஜப்பானில் பல பௌத்தக் கோயில்களில் சிவப்பாக, உருண்டையாக, கைகால் இல்லாத ஒரு பொம்மையைப் பார்க்கலாம். மீசை தாடியெல்லாம் உண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் வெள்ளை வட்டம். அதைத் தமிழில் பலர் 'டாருமா' என்று எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவதால் வரும் வினை. 'தருமா' என்பதே சரி.

அது, சீனாவுக்கு ஜென் பௌத்தத்தைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் துறவி போதிதர்மர் பெயரின் பின்பாதி. வடமொழியின் 'தர்ம' சீனம் வழியாக ஜப்பானுக்குப் போனது. இன்றைய சீனர் 'தாமோ' என்கிறார்கள். மெய்யில் அசையை நிறுத்துவது ஜப்பானிய நாக்குக்கு ஒத்துவராது. ஓர் உகரத்தை ஒட்டித் 'தருமா' ஆக்கிக்கொண்டார்கள். நாமும் அதே இடத்தில் அதே உகரத்தைப் போட்டுத்தான் 'தருமம்' என்கிறோம். போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது நம்மிடம் பரவிய பேச்சு. பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. 547ஆம் ஆண்டை ஒட்டிய இன்னொன்றோ பாரசீகர் என்கிறது. பெருமைப்படும் முன் இரண்டையும் படித்துவிடுவது நல்லது.

ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்தபடியே தியானத்தில் இருந்ததில் அவருக்குக் கைகால் அற்றுப்போனது என்பது கதை. பொம்மையின் உருவம் அதிலிருந்து வந்தது. அதற்குப் பேர்போன ஊர் குன்மா மாநிலத்தின் தகாசாகி. 1783இல் அசாமா எரிமலை வெடித்துப் பஞ்சம் வந்தபோது, அங்குள்ள தருமா கோயிலின் துறவி, மர அச்சில் காகிதம் ஒட்டிப் பொம்மை செய்ய உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாராம். அவ்வூர்ப் பொம்மையை உற்றுப் பாருங்கள்: புருவம் கொக்கு, தாடி ஆமை. இரண்டும் நீண்ட ஆயுளுக்கு அடையாளம். சிவப்பு என்பது பௌத்தத் துறவியின் அங்கி நிறம். அது அம்மையை விரட்டும் என்றும் நம்பினார்கள்.

வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மை இடுவார்கள். நிறைவேறினால்தான் மறு கண். தேர்தலில் ஜெயித்த வேட்பாளர் கேமரா முன் தூரிகையோடு நிற்பது அங்கே வழக்கமான காட்சி. வருடம் முடிந்ததும் பழைய பொம்மையைக் கோயிலில் கொடுத்து எரித்துவிடுவார்கள். சிலைக்குக் கண் வைத்து உயிரூட்டும் சடங்கை ஜப்பானியர் 'கைகென்' என்பார்கள். நம் சிற்பிகள் சொல்கிற 'கண் திறப்பு'தான் அதன் நேர்ப்பொருள்; புதுச்சொல் தேடவே வேண்டாம். 752இல் ஜப்பானின் நாரா நகரிலுள்ள பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

சரி, பொம்மைக்குத் தமிழ்ப் பெயர்? தள்ளினால் நிமிர்வதால் 'தஞ்சாவூர் பொம்மை' எனலாம். ஆனால் நம் பேச்சில் அது எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆளைக் குறிக்கும். ஜப்பானியருக்குத் தருமா 'ஏழு முறை விழு, எட்டு முறை எழு' என்ற பழமொழியின் உருவம். ஆகவே பெயர்ச்சொல்லாகத் 'தருமா', வகைப்பெயர் வேண்டுமானால் 'சாய்ந்தெழு பொம்மை'. அப்புறம், 'யுகிதருமா' என்று எங்காவது கண்டால் கோயிலைத் தேட வேண்டாம். யுகி என்றால் பனி. குழந்தைகள் செய்கிற பனிமனிதன்தான் அது.