கன்சென்ட்: இசைவா, ஆணையா?

திருவொற்றியூரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது "கன்சென்ட் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்து, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய காகிதத்தைக் காட்டுவார். வடக்கே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய், வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் இதே பேச்சை எடுத்தால், "எங்கள யாரு கேட்டாங்க?" என்பார். பட்டறைக்காரர் கேட்டு வாங்கிய பொருள் அது. வலைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டியது. சொல் ஒன்றுதான்.

இலத்தீனில் இது இரண்டு துண்டு. 'கான்' என்றால் கூட. 'சென்டிரே' என்றால் உணர்வது. கூடி உணர்வது கன்சென்ட். ஆக, அதற்கு இரண்டு பேர் வேண்டும். லைசென்ஸ் வேறு சாதி. 'லிசேரே', அதாவது 'செய்யத் தடையில்லை' என்ற வேர். மேலே இருப்பவர் விட்டுக்கொடுக்க, கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வது. ஓய்வைக் குறிக்கும் 'லெஷர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்தது. லைசென்ஸுக்கு அலைந்தவர்களுக்கு இந்த உறவுமுறை ஆச்சரியமாக இருக்காது.

லைசென்ஸுக்குத் தமிழில் உரிமம் என்பது நிலைத்துவிட்டது. கன்சென்டுக்குத்தான் கூட்டம் அதிகம்: அனுமதி, சம்மதம், ஒப்புதல், இசைவு. முதல் இரண்டும் வடமொழி வழி வந்தவை. ஒப்புதல் நல்ல தமிழ், ஆனால் குற்றத்தையும்கூட ஒப்புக்கொள்ளலாம். என் ஓட்டு இசைவுக்கு. ஓசை, பாட்டு, புகழ், பொருந்திப்போவது என்று இசைக்குப் பல பொருள். பெண் வீட்டார் இசைந்தார்கள் என்றால் இரண்டு வீட்டுக்கும் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம். இலத்தீன்காரர் சொன்ன 'கூடி உணர்வது' இதற்குள் அப்படியே இருக்கிறது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தது, ஆனால் வாலில் ஒன்றைக் கட்டியது: இசைவாணை. ஆலையை நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. இசைவுக்கு இரண்டு பேர் வேண்டும், ஆணைக்கு ஒருவர் போதும், இரண்டையும் எப்படி ஒட்டினார்கள் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் பிரிட்டனிலும் அதே கதை. இங்கிலாந்துக் கடலில் பெரிய காற்றாலைப் பண்ணை அமைக்க, 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி வாங்க வேண்டிய தாளின் பெயர் 'டெவலப்மென்ட் கன்சென்ட் ஆர்டர்'. அசல் இசைவாணை. ஸ்காட்லாந்தில் 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி ஒரு கன்சென்ட், அதோடு தனியாக ஒரு கடல் உரிமம். இந்த நடைமுறை முழுவதையும் சேர்த்து அந்தத் துறையில் 'கன்சென்டிங்' என்கிறார்கள். கடலில் காற்றாலைக்கு இசைவு கிடைக்க நான்கு ஆண்டு வரை ஆகிறது, அதை ஓராண்டாகக் குறைப்போம் என்று பிரிட்டன் அரசு 2022 ஏப்ரலில் அறிவித்தது.

நம் நாட்டில் கடல் காற்றாலைக் கொள்கை வந்தது 2015இல். குஜராத் கரையில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கரையில் 500 மெகாவாட் அமைக்க 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 ஜூனில். இடையில் போன ஒன்பது ஆண்டை யார் கணக்கில் எழுதுவது?

தாமதத்தைப் பற்றிச் சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. 1974ஆம் ஆண்டு நீர் மாசுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதத்துக்குள் வாரியம் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், இசைவு கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. மௌனம் சம்மதம்! ஆனால் விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையாக இருந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு வரைபடம் குறைகிறது என்று ஒரு கடிதம் வந்தால் போதும், நான்கு மாதம் எங்கே தொடங்கியது என்பதே வழக்காகிவிடும். இதுதான் கிடப்பு. கோப்பு கிடக்கிறது, அதனால் கிடப்பு. எவ்வளவு நேர்மையான சொல்!

ஆனால் எல்லாத் தாமதமும் கிடப்பு அல்ல. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கோப்பை நகர்த்துபவருக்கு அது 30 நாள் நஷ்டம். குப்பத்தில் இருப்பவருக்கு, தடிமனான அறிக்கையைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் 30 நாள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் மறுபடியும் அறிவிக்கப்பட்டு மறுபடியும் தள்ளிப்போனது. இதைத் தாமதம் என்று எழுதுபவரும் உண்டு, இசைவு இன்னும் வரவில்லை என்று படிப்பவரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

காகிதமே இல்லாத இசைவும் பக்கத்திலேயே இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று மீனவர்களே சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வது. உரிமமும் இல்லை, ஆணையும் இல்லை, இசைவு மட்டும்.

சரி, எழுதும்போது எதை எடுப்பது? அரசு தரும் தாளுக்கு இசைவாணை இருக்கட்டும், புழங்கிவிட்டது. ஊர் தருவதை இசைவு என்று மட்டும் எழுதுங்கள், அதற்கு வால் வேண்டாம். கடைசியில் மிஞ்சுவது 'கன்சென்டிங்'. இசைவு நடைமுறை, இசைவுப் பணி என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன், உப்புச் சப்பில்லை. பெண் பார்க்கும் படலம் என்கிறோமே, அதே கணக்கில் இசைவுப் படலம் என்று வைத்தால் சரியாக உட்காருகிறது. நீளத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.